கொழுப்பின் வாயிற்காவலன்

“நெய்யைத் தொடுவதில்லை, வடை, பூரியின் பக்கம் திரும்புவதுமில்லை. சோறும் சப்பாத்தியுந்தான் உணவு. ஆயினும் உடல் பருக்கிறதே, ஏன்?” நான் உயிர்வேதியியல் பயில்கிறேன் என்பதற்காக விடுதித் தோழர்கள் அடிக்கடி என்னிடம் தொடுக்கும் வினா இது. “அளவுக்கு மேல் உண்கிறீர்கள்” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், அது பொய்யுமன்று. ஆனால் உண்ட சோற்றுக்கும் உடலிலுள்ள கொழுப்புக்கும் இடையே ஒரு நொதி நின்று காவல் புரிகிறது. அதன் கதையைச் சொன்னால்தான் விடை முழுமையாகும்.

நொதி என்றால் என்ஸைம். உயிரணுவுக்குள் நடைபெறும் இரசாயன மாற்றங்களை விரைவாக நடத்தித் தரும் புரதம். சோற்றிலுள்ள மாவுச்சத்து குளுக்கோசாகி, பின்னும் சிதைந்து, இரண்டு கரியணுக்கள் கொண்ட அசிட்டைல் என்னும் சிறு துண்டாகிறது. நம் உடல் செய்யும் முக்கியமான கொழுப்பு அமிலமாகிய பால்மிட்டிக் அமிலத்தில் 16 கரியணுக்கள் உண்டு. எட்டுத் துண்டுகளைக் கோத்தால் அமிலம் ஆயிற்று, கணக்கு எளிதுதான்.

கொழுப்பு அமிலம் எரியும்போது இரண்டிரண்டு கரியணுக்களாகவே கழல்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் நூப் 1904-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். ஆகவே ஆக்கமும் அதே வழியில் திரும்பி நடக்கும் என்று பலர் எண்ணினர். ஏணியில் இறங்கியவன் அதே ஏணியில்தானே ஏறுவான்! அப்படி இல்லை என்பது 1950-களின் பிற்பகுதியில் தெரிந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், ஈராக்கில் பிறந்த சாலி வாகில் என்பவரும் அவர் தோழர்களும் புறாவின் கல்லீரல் சாற்றைக் கொண்டு கொழுப்பு அமிலம் உண்டாக்கிப் பார்த்தனர். சாற்றில் பைகார்பனேட், அதாவது கரைந்த கரியமில வாயு, இருந்தால்தான் வேலை நடந்தது. சரி, அந்தக் கரியணு அமிலத்தில் சேர்கிறது போலும் என்று கதிரியக்கக் கரியணுவை இட்டுச் சோதித்தால், முடிந்த அமிலத்தில் அதன் சுவடே இல்லை! இல்லாமலும் முடியாது, இருந்தும் சேராது. இது என்ன விந்தை?

1958-இல் விடை கிடைத்தது. அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்னும் நொதி, இரண்டு கரியணுத் துண்டின்மேல் கரியமில வாயுவை ஏற்றி, மூன்று கரியணு கொண்ட மலோனைல் ஆக்குகிறது. பயோட்டின் என்னும் வைட்டமின் அந்த வாயுவைப் பிடித்துத் தரும் கை. மலோனைல் சங்கிலியில் சேரும் அதே கணத்தில் ஏறிய வாயு கழன்றுவிடுகிறது. அது கழலும் விசையே சேர்க்கையை முன்னே தள்ளுகிறது. சேற்றில் சிக்கிய வண்டியைத் தள்ளிவிட்டுத் தான் ஏறாமல் நின்றுவிடும் வழிப்போக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பால்மிட்டிக் அமிலத்துக்கு இப்படி ஏழு முறை தள்ள வேண்டும். அதன்பின் கோத்து முடிக்கும் வேலையை மற்றொரு பெரிய நொதி பார்த்துக்கொள்கிறது. இத்துறையில் உழைத்த பியோடர் லூனென், கான்ராட் பிளாக் ஆகியோர் 1964-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மலோனைல் வெறும் செங்கல் அன்று, ஒரு கட்டளையுமாகும் என்பதை 1977-இல் மக்காரி, பாஸ்டர் என்ற இருவர் டல்லாஸ் நகரில் கண்டனர். என் கருத்தில் இதுவே கதையின் சிறந்த பகுதி. நீண்ட கொழுப்பு அமிலங்கள் எரிய வேண்டுமானால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய வேண்டும். கார்னிட்டைன் என்ற துணையுடன் செல்லும் அந்த வாயிலை மலோனைல் அடைத்துவிடுகிறது. ஒரு கையால் கட்டி மறு கையால் இடிக்கும் பைத்தியக்காரத்தனம் உயிரணுவில் நிகழாதிருப்பது இதனால்தான்.

உணவுண்டதும் கணையத்திலிருந்து வரும் இன்சுலின் மேற்சொன்ன நொதியை முடுக்குகிறது, மலோனைல் பெருகுகிறது, எரியும் வாயில் அடைபடுகிறது. பட்டினியிலும் ஓட்டத்திலும் வேறொரு நொதி இதன்மேல் பாஸ்பேட் முத்திரை குத்தி வேலையை நிறுத்துகிறது, வாயில் திறக்கிறது.

இப்போது தோழர்களுக்கு விடை சொல்லலாம். மனித உடலில் சோறு நேரே கொழுப்பாக மாறுவது சாதாரணமாக மிகக் குறைவு. ஆனால் வயிறார உண்ட சோறு, கொழுப்பு எரிவதை நிறுத்திவைக்கிறது. பொரியலிலும் குழம்பிலும் நம் கண்ணுக்குத் தெரியாமல் வந்த எண்ணெய், செலவாகாமல் சேமிப்புக்குப் போகிறது. இந்நொதியின் ஒரு வகை இல்லாத எலிகள் அதிகம் தின்றும் மெலிந்திருந்தன என்று வாகில் குழுவினர் 2001-இல் அறிவித்தனர். பிற ஆய்வுக்கூடங்கள் பின்னர் உருவாக்கிய எலிகளோ அவ்வாறு இளைக்கவில்லை. ஆகவே மருந்துக் கடையில் இதற்கு மாத்திரை தேடிப் புறப்பட வேண்டாம்.

வாயில் அடைபடுவதைக் குறைகூறுகிறோம். அடைபடாவிட்டால் என்ன ஆகும்? இன்சுலினே சுரக்காத நீரிழிவுக்காரரைப் பாருங்கள். சேமிப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் தடையின்றிப் புறப்படுகின்றன. கல்லீரலில் வாயில் விரியத் திறந்து கிடக்கிறது. எரிந்து முடியாத துண்டுகள் கீட்டோன்களாகி இரத்தத்தைப் புளிக்கச் செய்கின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமூச்சு, மூச்சில் பழவாடை, பின் மயக்கம். 1922 சனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் இன்சுலின் இடும்வரை, இந்நிலைக்கு வந்தவர் பிழைப்பது அரிது.

நம்மிடையேயும் இன்சுலின் இட்டுக்கொள்ளும் மாணவர் இருக்கலாம். “இன்று ஏகாதசி, உண்ணவில்லை, ஊசி எதற்கு?” என்றோ, “காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை” என்றோ அவர் ஊசியை அடியோடு விட்டுவிட்டால், உண்ணாமலே இரத்தம் புளித்துவிடும். காய்ச்சலில் இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடவே செய்யும். அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. மேற்கூறிய குறிகள் கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே ஒன்றைக் கவனிக்கலாம். இரத்தச் சர்க்கரை இறங்கிய பின்னும் மருத்துவர் இன்சுலினை நிறுத்துவதில்லை. குளுக்கோஸ் நீரை உடன் ஏற்றிக்கொண்டே இன்சுலினையும் தொடர்ந்து செலுத்துகிறார். பார்ப்பவருக்கு முரணாகத் தோன்றும். சர்க்கரை முன்னதாகவே இறங்கிவிடும். கல்லீரலில் அந்த வாயில் அடைபட்டு இரத்தத்தின் புளிப்பு நீங்க இன்னும் சில மணி நேரம் பிடிக்கும்.