கணிப்பொறியின் துடிப்பைக் கூட்டலாமா?

கோவை நாட்டில் பிறந்து, கிணற்று மோட்டாரை அறியாத மாணவர் இலர். அம்மோட்டாரோடு இணைந்த சுழல் பம்பின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவதாகக் கொள்வோம். தண்ணீர் எவ்வளவு கூடும்? ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடும். அதற்கு வேண்டிய மின்திறனோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வேகத்தை மூன்று முறை பெருக்கிவரும் அளவுக்கேற்பத் திறன் ஏறுவது அப்பம்பின் இயல்பு. 1.1 × 1.1 × 1.1 = 1.331 அல்லவா? இக்கணக்கை எண்ணாமல் வேகத்தைக் கூட்டியவன் நீரைப் பெறுமுன் மோட்டாரின் காயிலைக் கருக்கிக்கொள்வான்.

மேசைக் கணிப்பொறிக்கும் இதே கணக்கு உண்டு. அதன் புராசசரையும் நினைவகத்தையும், செய்தவர் குறித்த வேகத்திற்கு மேல் ஓட்டுவதை ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர். இளைஞர் பலருக்கு இதில் ஆர்வம் மிகுதி. ஆர்வம் நன்று, ஆயின் அதற்கு முன் அறிவு வேண்டும். ஆதலின் இதன் இயல்பையும் முறையையும் எல்லையையும் ஈண்டு காண்போம்.

புராசசருக்கு ஒரு நாடித்துடிப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒரு படி வேலையை முடிக்கிறது. பள்ளியில் மணி அடிப்பதற்குள் ஒரு கணக்கை முடித்தாக வேண்டும் என்பதைப் போன்றது இது. 5 கிகாஹெர்ட்சு என்றால் நொடிக்கு 500 கோடித் துடிப்புகள். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் விரைவது. அவ்வொளியே இத்தகைய ஒரு துடிப்புக்குள் 6 சென்டிமீட்டர் தொலைவுதான் செல்லும்! அச்சிறு பொழுதிற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய திறப்புகள் திறந்து மூடி, விடையை நிலைபெறச் செய்தல் வேண்டும். மணியை முன்னதாக அடித்தால் என்ன ஆகும்? கணக்கு முடியாத நிலையிலேயே விடை எடுத்துக்கொள்ளப்படும். அவ்விடை பிழைபடும்.

அங்ஙனமாயின் வேகத்தைக் கூட்ட இடம் எங்கிருந்து வருகிறது? ஒரே அச்சில் வார்த்த சில்லுகளும் திறத்தில் ஒத்திருப்பதில்லை. செய்வோர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கின்றனர். எந்த வெப்பத்திலும், எவர் வீட்டிலும், பல ஆண்டுகள் பிழையின்றி ஓடவேண்டும் என்று கருதிச் சிறிது இடைவெளி விட்டே வேகத்தைக் குறிக்கின்றனர். அந்த இடைவெளியைச் செலவிடுவதே ஓவர்கிளாக்கிங். அது புதிதாகக் கிடைத்த செல்வமன்று. காப்புக்காக வைத்த சேமிப்பு என்பதை மறத்தலாகாது.

இம்முயற்சி நெடுநாளாக உள்ளது. 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறி 6 மெகாஹெர்ட்சு வேகத்தில் ஓடியது. அதனுள் துடிப்பை எழுப்பும் படிகத்தை மாற்றி, 8 மெகாஹெர்ட்சுக்கு உயர்த்தியோர் பலர். 1998இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலிரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்சு; பெருக்கெண் 4.5, ஆகவே வேகம் 300. அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கியபோது அதே சில்லு 450இல் ஓடியது. பாதி மடங்கு ஆதாயம்!

அக்காலம் கடந்துவிட்டது. இக்காலப் புராசசர்கள், வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும் அளவுக்குத் தாமே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. இடைவெளியின் பெரும்பகுதியை அவையே செலவிட்டுவிடுவதால் நமக்கு எஞ்சுவது சிறிதே. ஆகவே இன்று இதனைப் பயில்வோர் பெறும் பெரும்பயன், இயந்திரத்தின் உள்ளியல்பை அறிந்துகொள்வதேயாகும்.

வேகத்தைக் கூட்டும்போது திறப்புகள் விரைந்து இயங்க மின்னழுத்தத்தையும் கூட்ட நேர்கிறது. சில்லு இயங்குவதற்குச் செலவாகும் திறன் துடிப்புக்கேற்ப ஏறும். மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பவும் ஏறும். இரண்டையும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், முன்னே பம்புக்குக் கண்ட அதே 1.331 இங்கும் வருகிறது. அத்திறன் முழுவதும் வெப்பமாகிறது. அதனை விசிறி வெளியேற்ற வேண்டும்.

நம் ஊரில் இங்கே இரு தடைகள் உள்ளன. ஒன்று வெயில். அறையின் வெப்பம் 25 பாகையாக இருக்கையில் சில்லு 75 பாகை காட்டினால், அறை 37 பாகையாகும்போது அதே வேலைக்கு ஏறத்தாழ 87 காட்டும். மார்கழியில் தேர்வு பெற்ற அமைப்பு, அவிநாசித் தேரோடும் சித்திரையில் தோற்பதற்கு இதுவே காரணம். மற்றொன்று பஞ்சுத்தூசி. தறிகளும் பனியன் தொழிலும் மிகுந்த அவிநாசி, திருப்பூர் வட்டாரங்களில், காற்றில் வரும் பஞ்சு விசிறிக்கு அடியிலுள்ள உலோகத் தகடுகளின் இடையே கம்பளிபோல் படிந்துவிடும். அதனை நீக்காமல் வேகத்தைக் கூட்ட முயல்வது, மூக்கை அடைத்துக்கொண்டு ஓட்டப்பந்தயத்தில் இறங்குவதை ஒக்கும்.

இனி, முறையைக் கூறுவோம். முதலாவது, உம்முடைய பாடங்கள், படங்கள், ஆய்வேடுகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும். இரண்டாவது, தூசியை நீக்கி, இருக்கும் நிலையில் வெப்பம் எவ்வளவு, ஒரு குறிப்பிட்ட வேலை முடிய எத்தனை நொடி என்று அளந்து எழுதிக்கொள்க. அளவு இல்லாத இடத்தில் ஆதாயம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை. மூன்றாவது, புராசசரும் மதர்போர்டும் இதற்கு இடம் தருவனவா என்று காண்க. இன்டெல் வகையில் பெயரின் இறுதியில் ‘கே’ என்ற எழுத்துள்ளவையும், ஏ.எம்.டி. ரைசன் வகையில் பெரும்பாலானவையும் இடம் தருவன. மடிக்கணினியில் இம்முயற்சி வேண்டா.

பின்னர்ப் பயாஸ் பகுதிக்குள் சென்று பெருக்கெண்ணை ஒன்று மட்டும் கூட்டுக. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்சு. ஆகவே 45 என்பது 46 ஆனால் வேகம் 4500இலிருந்து 4600 ஆகும். உடனே பிரைம்95 போன்ற கடுஞ்சோதனை நிரல் ஒன்றை ஓட்டி வெப்பத்தைக் கவனிக்க. செய்தவர் குறித்த உச்ச வெப்பம் பலவற்றில் 95 முதல் 100 பாகை; அதற்குப் பத்துப் பதினைந்து பாகை கீழே நின்றுவிடுதல் அறிவுடைமை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. ஆய்வுக்கூடத்தில் நீவிர் கற்ற விதி இங்கும் அதுவே. இயந்திரம் எழாமற்போனால் அஞ்ச வேண்டா. மின்தொடர்பை நீக்கி, மதர்போர்டின் கையேட்டில் கூறியவாறு அமைப்புகளை அழித்தால் பழைய நிலை திரும்பும்.

நினைவகத்தைத் தனியே சோதிக்க வேண்டும். டி.டி.ஆர்.4 வகையில் 3200 என்று எழுதியிருந்தால் உண்மைத் துடிப்பு 1600 மெகாஹெர்ட்சு. ஒரு துடிப்புக்கு இருமுறை செய்தி செல்வதால் 3200 ஆயிற்று. அதில் காத்திருக்கும் துடிப்புகள் 16 எனில், காத்திருக்கும் நேரம் 10 நானோநொடி. 3600 வேகமும் 18 துடிப்பும் உள்ளதை வாங்கினாலும் அதே 10 நானோநொடிதான்! பாயும் செய்தியின் அளவு கூடும், காத்திருப்பு குறையாது. பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தொடங்குவோர், நினைவகத்தைச் செய்தவரே எழுதிவைத்த எக்ஸ்.எம்.பி. அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மெம்டெஸ்ட்86 நிரலை இரவு முழுவதும் ஓட்டுக. ஒரே ஒரு பிழை வந்தாலும் அவ்வமைப்பு தேறவில்லை என்றே கொள்க.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். சில்லு எரிந்துவிடும் என்பதே பலருடைய அச்சம். இக்காலச் சில்லு, வெப்பம் மிகுந்தால் தானே வேகத்தைக் குறைத்து, தேவையானால் நின்றும்விடும். உண்மையான கேடு வேறு. நில்லாமல் ஓடிக்கொண்டே, எங்கோ ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிடுவதே அது. படியெடுத்த கோப்பு ஒன்று சிதையும். ஆய்வின் விடை ஒன்று மாறும். திரையில் எச்சரிக்கை எதுவும் வாராது. மாதங்கள் கழித்துத் தெரியும்போது திருத்த வழி இராது. பிழைபட விரைந்து சொல்லும் மாணவனைவிட, மெல்லச் சரியாகச் சொல்லும் மாணவனையே எந்த ஆசிரியரும் விரும்புவார்.

மின்னழுத்தம் மிகுவதன் தீமைக்கு அண்மைச் சான்றும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைப் புராசசர்கள் பல, மிகுதியான மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நாளடைவில் தேய்ந்து பிழைபட்டன. 2024இல் அந்நிறுவனமே இதனை ஆராய்ந்து அறிவித்து, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டியது. வடித்தவர் கையிலேயே அளவு தவறக்கூடுமானால், நாம் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்!

வேகம் ஒன்றே வேண்டுவோர் முதலில் எளிய வழிகளை நாடலாம். பழைய சுழல்வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துதல், நினைவகத்தை இணையாக இரண்டாக அமைத்தல், தூசி நீக்கித் தெர்மல் பேஸ்டைப் புதுப்பித்தல் ஆகியவை பெரும்பாலும் மிகுந்த பயன் தரும். பெற்றோர் சிறுகச் சேர்த்து வாங்கித் தந்த ஒரே கணிப்பொறி உம்முடையதாயின், தேர்வுக் காலத்தில் அதனைத் தொடாதிருப்பதே நன்று. பழைய இயந்திரம் ஒன்று வாய்த்தால் அதுவே உமக்கு ஏற்ற ஆய்வுக்கூடம்.

நம் நாட்டிலேயே புராசசர் வடிப்போர் இருக்கின்றனர். சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ‘சக்தி’ புராசசர் 2018இல் சில்லாக வெளிவந்தது. வடிப்பவர் ஒவ்வொருவரும் விடை தேடும் கேள்வி ஒன்றே: துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே எவ்வளவு நேரம் வேண்டும்? குறிப்பேடும் வெப்பமானியும் கொண்டு, ஒவ்வொரு படியாக உயர்த்தி, பிழை கண்ட இடத்தில் ஒரு படி இறங்கி நிற்கும் மாணவன், அக்கேள்வியின் வாயிலில் வந்து நிற்கிறான். உள்ளே செல்வது அவன் முயற்சியைப் பொறுத்தது.