பியானோ இருக்கை

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த இசை. அதனை வாசிக்கும் பெரிய குழுக்களில் பத்துக்கு மேற்பட்டோர் இருப்பர். அவருள் எக்காளம், சாக்ஸபோன் முதலிய ஊதுகருவிகளை இசைப்போர் பலர். பியானோ வாசிப்பவரோ பெரும்பாலும் ஒருவரே. அந்த ஓர் இருக்கை காலியானாலன்றிப் புதியவர் நுழைதல் அரிது. குழுத் தலைவரே அதில் அமர்ந்திருந்தால் என் செய்வது? வில்லியம் பேஸி என்னும் இளைஞருக்கு நேர்ந்த இடர் இதுவே.

பேஸி 1904ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்து ரெட் பாங்க் என்னும் ஊரில் பிறந்தார். அன்னையார் பியானோ கற்பித்தார். மைந்தரின் நாட்டமோ முரசின்மேல் சென்றது. அப்பகுதியில் சன்னி கிரீயர் என்பவர் தம்மினும் திறம்பட முரசு முழக்குவதைக் கண்டபின் அவர் பியானோவுக்கே மீண்டார். பின்னர் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியை அடைந்தார். அங்கே லிங்கன் அரங்கில் ஃபேட்ஸ் வாலர் ஆர்கன் வாசிப்பார். பேஸி நாள்தோறும் அருகில் அமர்ந்து, மிதிகட்டைகளின்மேல் வாலரின் கால்கள் இயங்கும் முறையைக் கூர்ந்து நோக்குவார். அவ்வார்வத்தைக் கண்ட வாலர் அவருக்குக் கற்பிக்கலானார்.

கலைக்குழு ஒன்றுடன் ஊர்தோறும் சென்ற பேஸி, 1927இல் அக்குழு கலைந்துபோகவே, கான்சஸ் நகரில் தனித்து நின்றார். பேசாப் படங்களுக்கு ஆர்கன் வாசித்துக் காலங்கழித்தார். மறு ஆண்டு வால்ட்டர் பேஜ் நடத்திய குழுவில் சேர்ந்தார்.

அந்நாளில் அந்நகரில் பெரும்புகழ் பெற்றிருந்தது பென்னி மோட்டன் குழு. மோட்டனே தேர்ந்த பியானோ கலைஞர். பேஸி அவரிடம் நேரே சென்று இடம் கேட்கவில்லை. அக்குழுவுக்கு இசையமைப்புகளை எழுதித் தந்த எடி டர்ஹாமை அணுகினார். இசைக்குறிகளை எழுதுவதில் பேஸிக்குப் பயிற்சி போதாது; ஆயினும் உள்ளத்தில் எழுந்த இசையைப் பியானோவில் வாசித்துக் காட்டுவார்; டர்ஹாம் அதனை ஏட்டில் எழுதுவார். அவ்வாறு உருவானவற்றைக் கேட்ட மோட்டன் 1929இல் பேஸியைச் சேர்த்துக்கொண்டார். மேலும், தம் இருக்கையைப் பெரும்பாலும் அவருக்கே விட்டுக்கொடுத்தார். தலைவராய் இருப்போர் இவ்வாறு செய்தல் எளிதன்று.

1935இல், தொண்டையில் செய்த அறுவை மருத்துவத்தின்போது மோட்டன் உயிர் நீத்தார். அவருடன் வாசித்தோர் சிலரைக் கொண்டு பேஸி புதுக்குழு அமைத்தார். 1936இல் அக்குழுவின் இசையை வானொலியில் கேட்ட ஜான் ஹாமண்ட் என்னும் இசை ஆர்வலர் அதனை நாடறியச் செய்தார். கவுண்ட் பேஸி என்னும் பெயர் எங்கும் பரவியது. தலைவராகிப் பியானோவின் முன் அமர்ந்த பேஸி, மிகச் சில சுரங்களையே தொட்டு, ஏனையோர் வாசிக்க இடம் விட்டார்.