ரோமாபுரி டாக்டர் வகுப்பில் உட்கார்ந்தார்

உதவித்தொகைக் கணக்கை இந்த வாரம் பிரித்துப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பேர்பெற்ற பல்கலைக்கழகம் ஆய்வு மாணவருக்குக் கொடுப்பதும் பறிப்பதும் ஒரே கையால்தான் என்ற பழைய பல்லவி வாசகர்களுக்கு நினைவிருக்கும். கணக்கு நோட்டைத் திறக்குமுன் தனிநாயகம் அடிகள் குறுக்கே வந்துவிட்டார்.

1913-இல் இலங்கையின் ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்த கத்தோலிக்கக் குரு அவர். ரோமாபுரியில் படித்து, கார்த்தேஜ் திருச்சபையைப் பற்றி ஆய்வு செய்து, இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். தமிழை முறையாகப் பாடம் கேட்டது அதற்கப்புறம்தான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு பண்டிதரிடம். 1945-இல், முப்பது வயதைத் தாண்டிய இந்த டாக்டர், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அதோடு நிற்கவில்லை. பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை என்ற பொருளில் எம்.லிட். முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் முன்னின்றவர் இந்த மாணவரே. கிரேக்கம், லத்தீன் பக்கத்தில் சங்கப் பாட்டை வைத்துப் பார்க்கும் கண்ணோடு வந்தவருக்கு, ஒரே வளாகத்தில் ஆசிரியரும் நூலகமும் சக மாணவரும் நாலு வருஷ அவகாசமும் கிடைத்தன. பெரிய பல்கலைக்கழகத்தின் லாபம் இதுதான். சான்றிதழில் அச்சாகும் பெயரெல்லாம் பிறகு.

பின் குறை என்ன என்று கேட்கலாம். அடிகளுக்குக் கையில் ஏற்கெனவே ஒரு டாக்டர் பட்டம், பின்னால் திருச்சபை. நெறியாளர் ஆறு மாதம் கையெழுத்தை இழுத்தடித்திருந்தாலும் அவர் வீட்டு உலை அணைந்திருக்காது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி இன்று ஒரு பேராசிரியர் எட்டு முனைவர் பட்ட மாணவர் வரை வைத்துக்கொள்ளலாம். அவருக்கு எட்டுப் பேர். அந்த எட்டில் ஒருவருக்கோ அவர் ஒருவர்தான்.

மாணவர் போராடி ஜெயித்ததில்லையா என்பது அடுத்த ஆட்சேபம். அதே வளாகத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியைக் காட்டுவார்கள். 2013-இல் பல்கலைக்கழகம் அரசின் பிடிக்கு வந்த பிறகும் மருத்துவ மேற்படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்கு மேல் இருந்தது. 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஜனவரியில் கல்லூரியை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், அவர்கள் எழுந்திருக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது, கட்டணமும் இறங்கியது. வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் விடுதியும் படிப்பும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கை முதலில் எதைப் பிடுங்கும் என்பதும் அன்று தெரிந்தது. மேலும் அவர்கள் கூட்டம்; வெள்ளைக் கோட்டு வெளியே வந்தால் வார்டு தடுமாறும், ஊர் திரும்பிப் பார்க்கும். நூலக மூலையில் சுவடி படிக்கும் ஒருவர் வேலைநிறுத்தம் செய்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

கணக்கு அடுத்த வாரம், கட்டாயம். அதுவரை இது போதும்: ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது வங்கிக்கு வர, மாதாமாதம் மாணவர் இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒப்புதல் போயாக வேண்டும்.