பணம் வேண்டுமா, பதில் வேண்டுமா?

போர்க்களத்தில் ஒரு சிப்பாய் இறந்தால் உடல் வீடு வந்து சேரும். அரசாங்கம் இழப்பீடு வழங்கும். குடும்பம் அழுது, மெல்ல மெல்ல ஆறும். உடலே வரவில்லை என்றால்?

இலங்கை உள்நாட்டுப் போர் எழுப்பிய கேள்வி இது. 1983-இல் தொடங்கிய அந்தப் போர் 2009 மே மாதம் முடிவுக்கு வந்தது. 2006-க்குப் பிந்திய இறுதிக் கட்டத்தில் மட்டும் 6,200-க்கும் அதிகமான படையினர் உயிரிழந்ததாக அரசாங்கம் அறிவித்தது. அனைத்துலகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவுப்படி, காணாமல் போனவர்கள் 16,000-க்கும் மேல். அவர்களில் 5,100-க்கும் அதிகமானோர் படைத் தரப்பினர்.

1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் மாண்டனர். பலரின் உடல் குடும்பத்தாரிடம் வந்து சேரவில்லை. 1998-இல் தன் மகனை இழந்த விசாகா தர்மதாச, காணாமல் போன படையினரின் பெற்றோரைத் திரட்டி ஓர் அமைப்பைத் தொடங்கினார். சிப்பாய்களுக்கு அடையாளத் தகடு வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. தகடு இருந்தால்தானே, கிடைத்த உடல் யாருடையது என்று தெரியும்?

அடுத்தது சட்டச் சிக்கல். மரணச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கு, நிலம், சொத்து எதையும் மனைவி பெயருக்கு மாற்றுவது கடினம். ஓராண்டுக்கு மேல் காணாமல் போனவரை இறந்தவராகப் பதிவு செய்ய 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆனால், எந்தத் தாய் தன் கையாலேயே மகன் இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுப்பாள்? இதனால் 2016-இல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. அச்சான்றிதழ் பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் என 2019 வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. 2022 மார்ச்சில் ஒருமுறை வழங்கும் 1,00,000 ரூபாய்க்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

வடக்கு கிழக்கில் பிள்ளைகளைத் தேடும் தமிழ்த் தாய்மார் பலர் அதை ஏற்க மறுத்தனர். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் சாலையோரம் அமர்ந்தவர்கள் கேட்டது பணத்தை அல்ல; பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்ற பதிலைத்தான்.

இழப்பீடு அடுப்பை எரிய வைக்கும். அதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், உண்மையைச் சொல்லாமல் கொடுக்கும் தொகை, வாயை அடைக்கக் கொடுப்பதாகவே தோன்றும். சீருடை அணிந்த மகனின் தாய்க்கும் அணியாத மகனின் தாய்க்கும் இதில் வேறுபாடு இல்லை.