வயிறு நிறைந்தது, ஐஸ்கிரீமுக்கு இடம் எப்படி வந்தது?

“போதும் மாமா! இனி ஒரு வாய்கூட இறங்காது” என்று சொல்லித் தட்டை நகர்த்தி வைத்தான் என் அக்காள் மகன். பத்தாம் வகுப்பு படிக்கும் பையன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன், நாற்காலி காலி. ஐஸ்கிரீம் வைத்திருந்த மேஜைக்கு முன்னால் கையில் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான்!

அவன் சொன்னது பொய்யா? பொய் இல்லை. இன்னொரு வாய் நூடுல்ஸ் கொடுத்திருந்தால் அவனால் உண்மையாகவே சாப்பிட்டிருக்க முடியாது. அப்படியானால் இரண்டு கிண்ணம் ஐஸ்கிரீம் உள்ளே போனது எப்படி?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லாவியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் உண்டு. என் அக்காள் மகளும் அப்படிப் போனவள்தான். முதல் சம்பளம் வாங்கியதும், “எல்லோரும் கிளம்பி வாங்க, நான் சாப்பாடு வாங்கித் தருகிறேன்” என்று சொல்லி அனுப்பினாள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, சூளகிரி தாண்டி, நாங்கள் ஓசூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. 1970களில் சிப்காட் தொழில் வளாகம் வந்த பிறகு மளமளவென்று வளர்ந்த ஊர் அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். அவள் எங்களை அழைத்துப் போனது சீன, தாய்லாந்து உணவு வகைகளை வரிசையாக வைத்திருந்த ஓர் உணவகத்துக்கு. தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டால் போதும். வேண்டியதை வேண்டிய மட்டும் நாமே எடுத்துச் சாப்பிடலாம். ‘பஃபே’ என்கிறார்கள். எங்கள் ஐந்து பேருக்கான பில் அவளுடைய நான்கு நாள் உழைப்பு. அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. “அக்கா கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?” என்று தம்பி வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினான். நியாயம்தான். ஆனால் கொடுத்த காசு கொடுத்ததுதான். நாலு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவதால் அது திரும்பி வராது. இந்தக் கணக்கு பசி வேளையில் யாருக்கும் தோன்றுவதில்லை.

முதலில் சூப்பு. அடுத்து நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ், மஞ்சூரியன், ஆவியில் வெந்த மோமோ, தேங்காய்ப்பால் ஊற்றிய தாய்லாந்துக் குழம்பு. கோடியில் பழத்துண்டுகள், கேக், ஐஸ்கிரீம். இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விலை குறைந்து வயிற்றை நிரப்புபவை முன்னால் நிற்கின்றன. நாமே எடுத்துக்கொள்வதால் பரிமாற ஆள் குறைவு. ஒருவர் நிறையச் சாப்பிட்டால் இன்னொருவர் குறைவாகச் சாப்பிடுகிறார். கடைக்காரர் பார்ப்பது சராசரியைத்தான்.

இந்த முறை ஜப்பானுக்குப் போன கதையும் வேடிக்கையானது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் பலவகை உணவுகளை நீண்ட மேஜையில் பரப்பி வைத்து, அவரவர் எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் 1958இல் அதைத் தன் நாட்டில் தொடங்கியது. அந்நாட்டார் அதற்கு வைத்திருந்த பெயர் ஜப்பானியர் வாயில் நுழையவில்லை. அந்தச் சமயத்தில் வந்திருந்த திரைப்படம் ஒன்றில் வைக்கிங் கடல்வீரர்கள் வயிறு முட்டச் சாப்பிடும் காட்சி இருந்தது. பிறகென்ன, ‘வைக்கிங்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! ஜப்பானில் இன்றும் இத்தகைய சாப்பாட்டுக்கு அதுதான் பெயர்.

சரி, நம் பையனின் வயிற்றுக்கு வருவோம்.

இரைப்பை குடம் அல்ல

இரைப்பையைக் குடம் போன்ற ஒன்றாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஊற்ற ஊற்ற நிறையும். கழுத்துவரை வந்தால் நிறுத்திவிடுவோம் என்று எண்ணம். ஆனால் குடம் விரியாது; இரைப்பை விரியும். காலியாக இருக்கும்போது அதன் கொள்ளளவு 100 மில்லிலிட்டருக்கும் குறைவு. உட்சுவர் மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடக்கும். நாம் விழுங்கத் தொடங்கியதுமே அதன் மேற்பகுதித் தசைகள் தளர்ந்து, வரும் உணவுக்கு இடம் விடுகின்றன. ஒரு லிட்டர் உணவு சிரமமில்லாமல் அடங்கும். தேவைப்பட்டால் அதற்கு மேலும் அடங்கும். சுவர் விரியும்போது அங்கேயுள்ள நரம்பு முனைகள், வேகஸ் என்னும் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன.

பசியும் இரைப்பையில்தான் பிறக்கிறது என்று ஒரு காலத்தில் கருதினார்கள். 1912இல் அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற விஞ்ஞானியும் வாஷ்பர்ன் என்ற அவருடைய மாணவரும் செய்த பரிசோதனை பெயர் பெற்றது. ஆசிரியருக்காக மாணவர் ஒரு ரப்பர் பலூனை விழுங்கினார்! பலூனோடு இணைந்த குழாய் வாய் வழியாக வெளியே வந்து ஒரு கருவியில் சேர்ந்தது. இரைப்பை சுருங்கும்போதெல்லாம் கருவியின் முள் கோடு கிழிக்கும். வாஷ்பர்ன் “பசிக்கிறது” என்று குறித்த நேரங்களும் முள் துள்ளிய நேரங்களும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அத்தோடு விஷயம் முடியவில்லை. நோயின் காரணமாக இரைப்பையையே அகற்றியவர்களுக்கும் பசி எடுத்தது. ஆக, பசிக்கு வேறு வாசல்களும் இருக்கின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999இல் கண்டுபிடித்தார்கள்.

‘போதும்’ என்ற செய்தியும் பல வழிகளில் வருகிறது. உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதை எலிகளுக்குச் செலுத்தினால் அவை சாப்பாட்டைச் சீக்கிரம் நிறுத்திக்கொள்கின்றன என்று 1973இல் கிப்ஸ், யங், ஸ்மித் ஆகியோர் காட்டினார்கள். உணவு இரைப்பையிலிருந்து குடலுக்குச் சிறிது சிறிதாகத்தான் இறங்குகிறது. ஆகவே இந்தச் செய்தி முழுமையாக உறைக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் நம் பையன் மூன்றாவது சுற்று போய்விட்டான்.

அலுத்தது எது?

இதெல்லாம் சரி. ஆனால் ஐஸ்கிரீம் புதிர் இன்னும் அவிழவில்லை. நூடுல்ஸுக்கு ‘போதும்’ சொன்ன மூளை, ஐஸ்கிரீமுக்கு ‘வா’ சொன்னது ஏன்?

பிரான்சு நாட்டு விஞ்ஞானி ழாக் லெ மான்யென் 1950களில் எலிகளுக்கு ஒரே தீனியை வெவ்வேறு வாசனை சேர்த்துக் கொடுத்தார். ஒரு வாசனை அலுத்ததும் அடுத்தது. எலிகள் வழக்கத்தைவிட அதிகம் தின்றன. உள்ளே போன சத்தில் வேறுபாடு இல்லை, வாசனைதான் வேறு!

மனிதரும் அப்படித்தானா? 1981இல் ஆக்ஸ்போர்டில் பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர் சிலரைச் சாப்பிட உட்காரவைத்தார்கள். உள்ளே ஒரே பண்டம் வைத்த சாண்ட்விச்சுகளைக் கொடுத்தபோது அவர்கள் தின்ற அளவைவிட, நான்கு விதப் பண்டங்கள் வைத்துக் கொடுத்தபோது மூன்றில் ஒரு பங்கு அதிகம் தின்றார்கள். 1984இல் நான்கு வெவ்வேறு உணவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தார்கள். ஒரே உணவை நான்கு முறை கொடுத்ததைவிட 60 சதவீதம் அதிகமான கலோரி உள்ளே போயிற்று.

ஒரு பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் ருசி, மணம், நிறம், பதம் ஆகியவற்றின் மேலுள்ள ஆசை குறைகிறது. தின்னாத பண்டங்களின் மேலுள்ள ஆசை அவ்வளவாகக் குறைவதில்லை. வயிற்றின் நிறைவு ஒன்று. இந்தப் ‘பண்டத்துக்குப் பண்டம் தனி நிறைவு’ இன்னொன்று. குரங்குகளின் மூளையில் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். குளுக்கோஸ் கரைசலை வயிறார ஊட்டிய பிறகு, முன்மூளையின் அடிப்பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள் குளுக்கோஸுக்குப் பதில் கொடுப்பதை நிறுத்திவிட்டன. வேறு ருசிக்கு மட்டும் தொடர்ந்து பதில் கொடுத்தன. பலவகை உணவும் கிடைத்தால்தான் பலவகைச் சத்தும் சேரும். அதற்காகவே இயற்கை இப்படி அமைத்திருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் எண்ணம்.

ஆக்ஸ்போர்டு வரை போவானேன்? நம் வாழை இலையைப் பாருங்கள். சாம்பார்ச் சோறு திகட்டும் நேரத்தில் ரசம் வருகிறது. புளிப்பும் மிளகும் நாக்கைத் திரும்ப எழுப்புகின்றன. பிறகு பாயசம், அதற்கும் மேல் மோர். சோறு என்னவோ அதேதான். கல்லாவிப் பக்கம் அன்றாடம் களி தின்ற தலைமுறைக்கு இந்த வசதி இல்லை. ஒரு கேழ்வரகுக் களி உருண்டை, அதற்கு ஒரு கீரைக் குழம்பு, அவ்வளவுதான். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் அதே உருண்டைக்கு ‘ராகி முத்தெ’ என்று பெயர். அளவோடு தின்றார்கள் என்று அவர்களைப் புகழ வேண்டாம், அளவுக்குத்தான் இருந்தது.

பிள்ளைகளின் ஆயா, அதாவது என் அம்மா, அன்று ஒரு தட்டுச் சோறும் கொஞ்சம் காயும் எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்திவிட்டார். கட்டுப்பாடு என்று நான் நினைத்தேன். 1991இல் வெளியான ஓர் ஆராய்ச்சி வேறு காரணம் சொல்கிறது. இந்தத் ‘தனி நிறைவு’ உங்களைப் போன்ற பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்காரர்களிடம் மிக அதிகம். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களிடம் மிகக் குறைவு. பையன் ஐஸ்கிரீமுக்கு ஓடியதும் ஆயா ஓடாததும் பாதிக்கு மேல் வயதின் வேலை.

இன்னொரு வியப்பான செய்தி. 1998இல் பால் ரோசின் என்பவரும் அவருடைய துணைவர்களும், மூளை பாதிப்பால் நடந்ததைச் சில நிமிடங்களில் மறந்துவிடும் இருவரைச் சோதித்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் மறுபடி முழுச் சாப்பாடு வைத்தால் அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவது முறையும் கை வைத்தார்கள்! ‘சாப்பிட்டாயிற்று’ என்ற நினைவும் வயிற்றை நிறைப்பதில் ஒரு பங்கு வகிக்கிறது.

திரும்பும் வழியில்

கிருஷ்ணகிரி வருவதற்குள் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். அக்காளுக்குப் பயம். எனக்கும் ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்டவர்கள் பலர் வாந்தியெடுத்தார்கள். வெந்த சோற்றை இரவெல்லாம் வெளியே வைத்திருந்து மறுநாள் வறுத்ததே காரணம். பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியத்தின் விதைத்துகள்கள் கொதியிலும் சாவதில்லை. ஆறிய சோற்றில் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் வரிசையில் வைத்த சோறு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஆவி பறக்க இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் அன்று சோறு நல்ல சூடாக இருந்தது. அதையே தின்ற நாங்கள் நால்வரும் நன்றாக இருந்தோம். பையனுக்கும் வாந்தி இல்லை. அவன் வயிற்றிலிருந்து புறப்பட்ட செய்திகள் எல்லாம் தாமதமாக வந்து சேர்ந்திருந்தன, அவ்வளவுதான்! வீடு போய்ச் சேரும் வரை அவன் வாய் திறக்கவில்லை.

நீங்களும் இதைச் சோதிக்கலாம். வாழைப்பழம், வேர்க்கடலை, முறுக்கு, வெல்லம், மாங்காய் என ஐந்து பண்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டைத் தின்று, எவ்வளவு பிடிக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். பிறகு ஒன்றை மட்டும், போதும் என்கிற வரை தின்னுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஐந்துக்கும் மதிப்பெண் போடுங்கள். பழைய மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது. ஒருவரை வைத்து முடிவு சொல்ல முடியாது. வகுப்பு முழுவதும் செய்து சராசரி எடுங்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் செய்தோம். பையன் வாழைப்பழத்துக்கு முதலில் 8 போட்டிருந்தான். நான்கு பழம் தின்ற பிறகு 3. மாங்காய்க்கு முன்னும் பின்னும் 9. ஆயாவின் தாளில் எல்லாவற்றுக்கும் 7 இருந்தது. இரண்டு பழத்தோடு போதும் என்றார். பிறகு வாங்கிப் பார்த்தால், அப்போதும் எல்லாவற்றுக்கும் 7.