டிஸ்ட்ரோ மாறப் போறீங்களா? முதல்ல அவ்வா குரலைக் காப்பி எடுங்க

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். "அண்ணா, ஒரு லினக்ஸ்ல இருந்து இன்னொரு லினக்ஸுக்கு மாறணும். ஃபைல் எல்லாம் போயிடுமா?"னு கேட்டான். போகும் தம்பி. எனக்குப் போச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

எனக்கு ஊர் கெலமங்கலம். ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை பக்கமா வந்தீங்கன்னா, தக்காளித் தோட்டமும் ரோஜாத் தோட்டமுமா இருக்குமே, அந்த ஊர். 2011 செப்டம்பர் 15-ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டம் ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் சில வருஷம் கழிச்சு, பிளஸ் டூ படிக்கும்போது எனக்கும் ஒண்ணு கிடைச்சது. ஆன் பண்ணா ரெண்டு ஓ.எஸ்.: ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்ங்கறதோட சுருக்கம்தான் பாஸ். சி-டாக் நிறுவனம் சென்னையில உருவாக்கினது.

எங்க கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் முதல் வாரமே பாஸை அழிச்சிட்டாங்க. எனக்கு நடந்தது உல்டா. யாரோ குடுத்த பென் டிரைவ்ல வந்த வைரஸ் விண்டோஸைக் காலி பண்ணிடுச்சு. வேற வழியில்லாம பாஸ்லயே ஒட்டிக்கிட்டேன். காலேஜ் முடியிற வரைக்கும் அதுல அப்டேட்டுனு ஒண்ணை நான் பண்ணவே இல்லை. கடைசியில பிரவுசர் ரொம்பப் பழசாகி, பாதி வெப்சைட் திறக்க மாட்டேன்னுடுச்சு. சரி, லினக்ஸ் மின்ட்டுக்கு மாறிடலாம்னு முடிவு பண்ணேன்.

டிஸ்ட்ரோன்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: எங்க கிருஷ்ணகிரிப் பக்கம் ராகி மாவுல களியும் கிண்டுவாங்க, ரொட்டியும் தட்டுவாங்க. மாவு ஒண்ணுதான். அந்த மாவுதான் லினக்ஸ் கெர்னல். 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது. அது மேல எந்த டெஸ்க்டாப், சாஃப்ட்வேரை எப்படி இறக்கறது, அப்டேட் எவ்வளவு வேகமா வரும்ங்கறதை முடிவு பண்றதுதான் டிஸ்ட்ரோ. 1993-ல வந்தது டெபியன். அதுல இருந்து 2004-ல உபுண்டு, உபுண்டுல இருந்து 2006-ல மின்ட். பாஸும் டெபியன் வீட்டுப் பிள்ளைதான். அதனால பாஸும் மின்ட்டும் பங்காளிங்க. டெர்மினல்ல அதே ஆப்ட் கமாண்ட், அதே டெப் பேக்கேஜ். ஃபெடோராவுக்குப் போனா ஆர்.பி.எம்., டி.என்.எஃப்.னு வேற குடும்பம், கையைப் புதுசாப் பழக்கணும்.

பங்காளிதானேங்கற தைரியம்தான் என்னைக் கவுத்துச்சு. இன்ஸ்டால் ஸ்கிரீன்ல "எரேஸ் டிஸ்க்"னு ஒரு ஆப்ஷன். பழைய ஓ.எஸ்-ஐ மட்டும் அழிக்கும்னு நினைச்சு கிளிக் பண்ணேன். அது டிஸ்க்கையே அழிக்கும். பெயர்லயே இருக்கு, நான்தான் படிக்கல. இருபது நிமிஷத்துல பளபளன்னு மின்ட் வந்துச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அவ்வா பாடினதையும் பேசினதையும் போன்ல ரெக்கார்ட் பண்ணி அந்த லேப்டாப்ல மட்டும்தான் வெச்சிருந்தேன். தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. அவ்வா அப்போ இல்லை.

அம்மாகிட்ட ரெண்டு நாள் சொல்லவே இல்லை.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கோங்க. ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணா, எந்த ஃபைல் எங்க இருக்குங்கற கணக்குப் புத்தகம்தான் முதல்ல போகும். சரக்கு குடோன்லயே கிடக்கும், புதுசா வேற சரக்கு அதே இடத்துல இறங்கற வரைக்கும். அதனால தப்பு நடந்தா முதல் வேலை, லேப்டாப்பை ஆஃப் பண்றது. அப்புறம் லைவ் யு.எஸ்.பி-ல பூட் பண்ணி, ஃபோட்டோரெக்னு ஒரு இலவசக் கருவியை ஓட்டணும். மீட்கறதை வேற டிஸ்க்லதான் சேமிக்கணும், அதே டிஸ்க்ல இல்லை. ஓசூர்ல வேலை செய்யற ஒரு அக்காகிட்ட ஹார்டு டிஸ்க் கடன் வாங்கி ராத்திரி முழுக்க ஓட்டினேன். எஃப்-ல ஆரம்பிச்சு வெறும் நம்பரா ஆயிரக்கணக்குல ஃபைல் வந்து விழுந்துச்சு. பழைய பெயர் ஒண்ணும் திரும்பல.

சரி, நீங்க எப்படிப் பண்ணணும்? முதல்ல வெளி டிஸ்க்ல காப்பி எடுங்க. எடுத்ததைத் திறந்தும் பாருங்க. ஹோம் ஃபோல்டர் தனி பார்ட்டிஷன்ல இருந்தா, இன்ஸ்டால்ல "சம்திங் எல்ஸ்" போய், சிஸ்டம் பார்ட்டிஷனுக்கு மட்டும் ஃபார்மேட் டிக் போடுங்க. ஹோமுக்கு மவுன்ட் பாயின்ட் மட்டும் குடுங்க, டிக் வேண்டாம். புள்ளியில ஆரம்பிக்கற பழைய செட்டிங்ஸ் ஃபோல்டர்கள் புது டெஸ்க்டாப்போட சண்டை போடலாம், பெயரை மாத்தி ஓரமா வைங்க.

இன்னொண்ணு, அழிக்கறதுக்கு முன்னாடி லைவ் யு.எஸ்.பி-லயே வைஃபை வேலை செய்யுதா பாருங்க. பிராட்காம் சிப்னா அடம்பிடிக்கும். அப்போ போனைக் கேபிள்ல மாட்டி டெதரிங் போட்டு டிரைவரை இறக்கிக்கலாம். தமிழ்99 டைப் பண்றவங்க ஐபஸ்ல எம்17என் பேக்கேஜ் போட்டா போதும்.

அவ்வா ஃபைல்கள்ல எல்லாம் கிடைக்கல. சிலது நடுவுல வெட்டுப்பட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் அம்மாவும் உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டு, "இது பெரியம்மா கல்யாணத்தப்போ", "இது மழை பெஞ்ச அன்னைக்கு"ன்னு பெயர் போட்டுட்டு இருக்கோம். இன்னும் நாப்பது பாக்கி.