உங்களுக்குத் தெரியுமா? சிப்ஸ் பாக்கெட்டும் நாலு மணிப் பசியும்

● சிப்ஸின் மொறுமொறுப்பை நாக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை, காதும் தீர்மானிக்கிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மாசிமிலியானோ ஸாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் சிலருக்கு ஹெட்போன் மாட்டி, பிரிங்கிள்ஸைக் கடிக்க வைத்தார்கள். கடிக்கும் சத்தத்தைக் கூட்டியபோது ‘புதுசு, மொறுமொறு’ என்றவர்களே, குறைத்தபோது ‘நமுத்துப்போச்சு’ என்றார்கள். சிப்ஸ் என்னவோ ஒரே சிப்ஸ்தான்! 2004இல் வெளியான இந்த ஆய்வுக்கு 2008இல் ‘இக் நோபல்’ பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு அது.

● கல்யாணப் பந்தியில் ‘ஒரு வாய்கூட இறங்காது’ என்று கையை மறித்தவர், பாயசம் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார். பொய் சொல்லவில்லை, பாவம். தின்ற சுவை அலுத்தாலும் புதுச் சுவைக்கு ஆசை மிச்சம் இருக்கும். அமெரிக்காவின் பார்பரா ரோல்ஸ் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார். வீட்டில் ஐந்து வகை பிஸ்கட் வாங்கி அடுக்குகிறவர்கள் கவனிக்க.

● அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவும் இரண்டு வாரம் சமையலறையில் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் ஒவ்வொருவரும் தினமும் சராசரியாக 500 கலோரி கூடுதலாக உள்ளே தள்ளினார்கள். இரண்டே வாரத்தில் எடை 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. 2019இல் வெளியான இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு: ருசியில் இரண்டும் ஒன்றுதான் என்று சாப்பிட்டவர்களே சொன்னார்கள். ஆனால், ஆலை உணவை வேகவேகமாகத் தின்றார்கள். மெல்ல வேலையில்லாத பண்டம், வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்குள் தீர்ந்துவிடுகிறது. பனங்கிழங்கை அப்படி யாராவது அவசரமாகத் தின்றுவிட முடியுமா?

● தின்னும் ஆசை வந்தால் மூன்று நிமிடம் ‘டெட்ரிஸ்’ என்னும் கட்டை அடுக்கும் வீடியோ கேம் ஆடுங்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆசையின் வேகம் அதில் தணிகிறது. பஜ்ஜி முதலில் மனக்கண்ணில்தான் பொரிகிறது. அந்த இடத்தைக் கட்டைகள் பிடித்துக்கொண்டால் பஜ்ஜிக்கு இடமில்லை. இருபது புள்ளிக் கோலமும் இதே வேலையைச் செய்யும் என்பது என் ஊகம்.

● சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது, பசியை அடக்கும் லெப்டின் குறைந்தது. நாக்கு இனிப்பும் உப்புப் பண்டமும்தான் அதிகம் கேட்டது. 2004இல் வெளியான ஆய்வு இது. ராத்திரி ஒரு மணிவரை செல்போன் பார்த்துவிட்டு, மறுநாள் பப்ஸைத் திட்டிப் பயனில்லை.

● பாக்கெட்டின் பின்பக்கம் மூலப்பொருள்களை எடைப்படி, அதிகமானதை முதலில் வைத்து அச்சிட வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம், பின்பக்கம் முதல் பெயர் மைதா என்றால் அது மைதா பிஸ்கட்தான்.

● பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை இது. வாசலிலேயே இருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கு யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

● 21 நாளில் புதுப் பழக்கம் படியும் என்பது நாம் அடிக்கடி கேட்பது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரிடம் செய்த ஆய்வில் கிடைத்த சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்பது அவர் கணக்கு. நடுவில் ஒரு நாள் தவறினால் முழுதும் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தீபாவளி அதிரசத்துக்கு ஆபத்தில்லை.